பதினொன்றாம் பெட்டி வைத்த தேதி

இன்று காலை கூரியரில் பதினொன்றாம் பெட்டி வந்து சேர்ந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கி, சாப்பாட்டு மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்து, நான்கு திருகாணிகளையும் கழற்றி மூடியைத் தூக்கினேன். குப்பென்று ஒரு வாடை அடித்தது. ஈரப் பாசி, மக்கிய இலை, அதற்கும் அடியில் வேப்பெண்ணெய். அட்டை ஏறக்கூடாது என்று முழங்கால் வரை வழித்துப் பூசிக்கொண்டு திரிவாயே, அதே வேப்பெண்ணெய். இந்தப் பெட்டியை நீ தொட்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது. அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் முழுக்க இது மரத்தில் நனைந்துகொண்டு கிடந்தது. இறக்கியவர் உன்னோடு காட்டுக்குள் நடந்த வனக் காவலர் மாரியண்ணன். அவர் அட்டைக்குப் புகையிலைத் தூள்தான் போடுவார், எண்ணெய் பக்கமே போகமாட்டார். அப்படியானால் இது யார் கை வாடை? மூடியின் ரப்பர் வளையத்தில் ஊறியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் மூடியைச் சாத்திவிட்டு, போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் மறுபடி திறந்தேன்.

உனக்குத் தெரிந்ததையே உனக்கு எழுதப்போகிறேன். தெரியாதது ஒன்றும் இருக்கிறது. அது கடைசியில்தான் வரும், பொறுத்துக்கொள். பொறுமை உனக்கு எப்போதும் கிடையாது என்பது வேறு விஷயம்.

நம் வேலை என்னவென்று இந்தத் தாம்பரம் சேலையூரில் யாருக்கும் புரிந்ததில்லை. கீழ்வீட்டு அக்கா இன்றுவரை நான் ஏதோ கால் சென்டரில் இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். மலைமேல் தேசியப் பூங்காவில் நீ மரத்துக்கு மரம் ஒலிப்பதிவுப் பெட்டி கட்டுவாய். அது மணிக்குப் பத்து நிமிடம், தன்பாட்டில், யாரும் இல்லாத காட்டைப் பதிவு செய்துகொண்டே இருக்கும். அதிலிருக்கும் மெமரி கார்டு கீழே வந்ததும் நான் படுக்கையறை ஜன்னலைச் சாத்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எந்தப் பறவை, எந்தத் தவளை, எந்தத் தேதியில், எத்தனை மணிக்குக் கூப்பிட்டது என்று குறித்து வைப்பேன். சிறுசேரியில் பத்து வருஷம் சாஃப்ட்வேரில் தப்புக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தவளை, "அங்க உக்காந்து மனுஷன் செஞ்ச தப்பைத் தேடறே. வா, காட்டுல என்ன இருக்குன்னு தேடலாம்" என்று இழுத்துவிட்டவள் நீ. பொத்தேரியில் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்து படித்த காலத்திலிருந்தே உன் பேச்சைக் கேட்டு நான் குழியில் விழுவது வழக்கம்தானே.

பெட்டிகளைக் குரங்கு பிய்த்துப் போடுகிறது, கரடி கடிக்கிறது என்று இரும்புக் கூடு செய்யத் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? வெல்டிங் பட்டறை அண்ணன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள இன்னாக்கா கீது?" என்றார். "காடு பேசறத ரெகார்ட் பண்றோம்ணா" என்றாய் நீ, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். "ஆளே இல்லாத எடத்துல யார்கிட்டக்கா பேசிகினு கீது அது? பேஜாரா கீதே" என்று அவர் பெட்டியைச் சட்டென்று கீழே வைத்துவிட்டார். திரும்பி வரும்போது ஆட்டோவில் நீ சிரித்த சிரிப்பில் டிரைவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

நானும் சிரித்தேன். ஆனால் அவர் கேட்டது எனக்குள் தங்கிவிட்டது. உன்னிடம் சொன்னதில்லை. பகல் பதினொரு மணிக்கு, வெளியே குக்கர் விசில் அடிக்க, நான் இங்கே உட்கார்ந்து அங்கே ஆள் இல்லாத ஒரு விடியலைக் கேட்பேன். இலை சொட்டும். எங்கோ ஒரு கிளை முறியும். பிறகு மைக்குக்கு மிகப் பக்கத்தில் ஏதோ ஒன்று வந்து நின்று மூச்சுவிடும். காட்டெருமையாக இருக்கும், கரடியாக இருக்கும். அது பெட்டியை முகர்வது என் காதையே முகர்வதாக இருக்கும். எத்தனையோ நாள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என் தோளுக்குப் பின்னால் பார்த்திருக்கிறேன். பின்னால் துணி அலமாரிதான் இருக்கும்.

இந்தப் பயத்தை நீ எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டாய். பெட்டியை ஓடவிட்டதும் மரத்தில் மூன்று தட்டுத் தட்டி, பெட்டி எண்ணைச் சொல்லுவது நீ கொண்டுவந்த முறை. எங்கிருந்து கேட்க ஆரம்பிக்க வேண்டும் என்று எனக்குத் தெரிவதற்காக. முதல் முறை அந்தத் தட்டு என் காதில் இடியாக விழுந்து, கையிலிருந்த காபி கீபோர்டில் கொட்டி, ஒரு கீபோர்டே போனது. போனில் உன்னைத் திட்டித் தீர்த்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு கார்டிலும் அதே கூத்து. டொக், டொக், டொக். "மூணாம் பொட்டி. மேகம் இல்ல. அட்டை ரெண்டு, என் கால்ல." ஒரு நொடி இடைவெளி. பிறகு மைக்கில் வாயை வைத்து, ரகசியமாக: "பயந்துட்டியா?"

தேதியை மட்டும் சொல்லமாட்டாய். அதற்காக எத்தனை சண்டை! எண்ணைச் சொல்கிறாய், மேகத்தைச் சொல்கிறாய், அட்டைக்குக்கூடக் கணக்குச் சொல்கிறாய், தேதியைச் சொன்னால் வாய் சுளுக்கிக்கொள்ளுமா என்று கேட்டேன். "கடிகாரம் வெச்சு அனுப்பறது யாரு? நீதானே. நீ வெச்ச தேதிய நான் வேற எதுக்குடி சொல்லணும்?" என்றாய். எல்லாப் பெட்டியின் கடிகாரத்தையும் இங்கே தாம்பரத்தில் வைத்து, சரிபார்த்து, ஒட்டுத்தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்புவது என் வேலை. எனக்கு அதில் கர்வமும் உண்டு. தேதி தப்பானால் எல்லாம் தப்பு என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள் நான்.

உனக்கு அப்போது தலைக்குள் இருந்தது ஒரே ஒரு விஷயம், அந்தத் தவளை. கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிதில்லை. பேனா முனையை அழுத்தி அழுத்தி விடுகிற சத்தம்தான் அதன் குரல். மேல் பள்ளத்தாக்கில் ஒரு சேற்றுப் புல்வெளி, அதை ஒட்டிச் சுற்றுலாப் பயணிகள் நடக்கும் பாதை. மழைக்காலத்தில் பாதையை மூடிவிடுவார்கள், ஏப்ரலும் மேயும் திறந்திருக்கும். அந்தத் தவளை மழைக்காலத்துக்குக் காத்திருப்பதில்லை, கோடை மழையின் முதல் இடிக்கே கூப்பிட ஆரம்பித்துப் புல்லடியில் முட்டையிட்டுவிடுகிறது, மே மாதம் நடக்கிற ஒவ்வொரு காலும் அதன் மேல்தான் நடக்கிறது என்பது உன் கட்சி. இரண்டு முறை உன் காதாலேயே கேட்டிருக்கிறாய். "காதால கேட்டதெல்லாம் ஆதாரம் ஆகாதும்மா, பதிவு வேணும்" என்றார் திட்டத்தை நடத்தும் சார். அவர் சொன்னதும் நியாயம்தான். மே மாதத்தில் ஒரே ஒரு குரல் பதிவாகிவிட்டால் போதும், பாதையை மூடச் சொல்லிப் பூங்கா அதிகாரிகளிடம் கேட்கலாம். பத்துப் பெட்டிகளை மார்ச்சிலேயே கட்டிவிட்டாய், எல்லாம் பாதையோரச் சரிவில். சேற்றுப் புல்வெளிக்கு மட்டும் பெட்டி இல்லை.

அதற்காக வந்ததுதான் இந்தப் பதினொன்று. புது மாடல். ஏப்ரல் ஏழாம் தேதி சாயங்காலம், நீ என் வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டு, "சீக்கிரம் குடுடி, கிளாம்பாக்கத்துல பஸ்ஸ விட்டுடுவேன்" என்று பறந்தாய். கடிகாரத்தை வைத்தேன், ஒட்டுத்தாளில் கையெழுத்துப் போட்டேன், கொடுத்தேன். "எங்க வெக்கப்போற?" என்று கேட்டதற்கு, "இடம் பாக்கணும். சேத்துல மரம் கெடைக்கலன்னா மாரியண்ணன்கிட்ட குடுத்துட்டு வந்துடுவேன், ஜூலைல அவர் வெப்பாரு" என்றாய். படியிறங்கும்போது கைப்பிடிச் சுவரில் மூன்று தட்டுத் தட்டிவிட்டுப் போனாய். என்னைச் சீண்டத்தான்.

ஈஸ்டருக்கு நீ இறங்கி வந்தபோதே உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது. இரும்புலியூரில் உன் அம்மா வீட்டுக் கட்டிலில், ஈரத் துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு படுத்திருந்தாய். என்னைப் பார்த்ததும் கையை ஊன்றி எழப் பார்த்தாய். "ஏய், பதினொண்ண..." என்று ஆரம்பித்தாய். நான் உன் தோளைப் பிடித்து அழுத்திப் படுக்கவைத்தேன். "வேலைப் பேச்சு ஒண்ணும் வேணாம். மொதல்ல தூங்கு" என்றேன். நீயும் அதிசயமாய் நான் சொன்னதைக் கேட்டாய். ஈஸ்டர் முடிந்த மூன்றாம் நாள் நீ இல்லை. உன் பேச்சை நான் அடக்கியது வாழ்க்கையில் அந்த ஒரே ஒரு தடவைதான், அதையும் தப்பான நேரத்தில் செய்தேன்.

அக்டோபரில் மழை விட்டதும் மாரியண்ணன் எல்லாப் பெட்டிகளையும் இறக்கி, கார்டுகளை மட்டும் உறையில் போட்டு அனுப்பினார். முதல் கார்டைப் போட்டேன். டொக், டொக், டொக். "ஒண்ணாம் பொட்டி." அதற்கு மேல் கேட்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டுச் சமையலறையில் போய் நின்றுகொண்டேன். உள்ளறையில் கட்டில் மேல் கிடந்த ஹெட்போனிலிருந்து பொடிப் பொடியாக உன் குரல் வந்துகொண்டிருந்தது. வார்த்தை புரியவில்லை. ஆனால் அந்தக் கடைசிக் கேள்வி வருகிற இடம் எனக்குத் தெரியும். காதைப் பொத்திக்கொண்டேன்.

மறுநாள் என்ன செய்தேன் தெரியுமா? ஒவ்வொரு கார்டிலும் முதல் கோப்பைத் தாண்டிவிடு என்று கணினிக்கு ஒரு கட்டளை போட்டு வைத்தேன். நீ பேசுவது முதல் கோப்பில் மட்டும்தானே. அதைத் தாண்டிவிட்டால் காடு மட்டும் இருக்கும், நீ இருக்கமாட்டாய். மற்றவர்கள் குரல் எங்காவது வந்தால் நறுக்கி அழித்துவிட வேண்டும் என்பது நம் திட்டத்தின் விதி. விறகு பொறுக்க வருகிறவர்கள் பேசுவதை நாம் ஒட்டுக்கேட்கக் கூடாது என்று அந்த விதியை எழுதியதே நீதான். உன் குரலையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டதாக நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பத்துப் பெட்டியிலும் மே மாதத்தில் அந்தப் பேனாச் சத்தம் இல்லை. பதினொன்றைப் போட்டேன். கோப்புகள் ஜூலை ஏழில் ஆரம்பித்தன. ஓ, நீ சொன்னபடி மாரியண்ணன்தான் ஜூலையில் வைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு, 'வைத்தவர்' என்ற கட்டத்தில் அவர் பெயரையும் நானே எழுதினேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் உன் பேச்சு வரும், அதற்குப் பயம். கார்டு முழுக்கத் தவளை கூப்பிட்டது, ஜூலைக் கடைசி, ஆகஸ்ட், செப்டம்பர் என்று. செப்டம்பர் கடைசியோடு பேட்டரி தீர்ந்திருந்தது. மழைக்காலத்தில் தவளை கூப்பிடுவதில் என்ன அதிசயம்? ஜூலையில் மழைச் சத்தமே சரியாக இல்லையே என்று ஒரு தரம் தோன்றியது. அதையும் ஒரு ஓரத்தில் குறித்துவிட்டு மேலே போய்விட்டேன். அறிக்கையில் என் கையாலேயே ஒரு வரி எழுதினேன்: 'மே மாதத்தில் இத்தவளையின் குரல் பதிவாகவில்லை.' உன் இத்தனை வருஷ வாதத்தை ஒரே வரியில் முடித்துவைத்தேன். சாருக்கு அனுப்பவும் செய்தேன். அதிகாரிகளுடனான கூட்டம் டிசம்பரில்.

நவம்பரில் ஒரு நாள். உச்சிப் பகல், ஆனால் மழை இருட்டிக்கொண்டு நின்றது. சார் கேட்ட ஏதோ ஒரு விவரத்துக்காகப் பதினொன்றாம் கார்டை மறுபடி போட்டிருந்தேன். திடீரென்று கரண்ட் போனது. ஃபேன் சுற்றி ஓய்ந்தது. பழைய லேப்டாப், பேட்டரி நிற்காது, அதுவும் அணைந்தது. வேறு சார்ஜரைத் தேடி, இன்வெர்ட்டரில் செருகி, மறுபடி உயிர் கொடுத்து ஹெட்போனை மாட்டினேன். நான் போட்டு வைத்திருந்த கட்டளை அந்த அணைப்பில் அழிந்துபோனது எனக்குத் தெரியாது. பட்டியலில் முதலில் இருந்ததே ஓட ஆரம்பித்தது.

டொக், டொக், டொக்.

"பதினொண்ணாம் பொட்டி. கீழ்ப்பக்கம் மேகம். அட்டை... அய்யோ, எண்ண முடியல." உன் மூச்சு வாங்கியது. சேறு உறிஞ்சுகிற சத்தம். பிறகு பக்கத்தில், மிகப் பக்கத்தில், என் காது மடலில் வாய் வைத்தாற்போல:

"பயந்துட்டியா?"

திரையைப் பார்த்தேன். தேதி ஜூலை ஏழு. அந்தத் தேதியில் உன்னை மண்ணுக்குள் வைத்து இரண்டரை மாதம் ஆகியிருந்தது. நானும்தான் ஒரு பிடி மண் போட்டேன்.

எனக்குக் கத்தத் தோன்றவில்லை. கோப்பு தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. நீ சேற்றில் காலை இழுத்து இழுத்து நடந்து போனாய். சத்தம் தேய்ந்தது. பிறகு வெறும் காடு, நிமிடக்கணக்காக. பத்து நிமிடம் முடிய இன்னும் சில நொடிகளே இருந்தபோது, எங்கோ தூரத்தில், மறுபடியும் மூன்று தட்டு. டொக், டொக், டொக். அத்தோடு கோப்பு முடிந்தது.

மூன்று நாள் நான் அந்த அறைக்குள் போகவில்லை. பத்து வருஷம் சாஃப்ட்வேரில் தப்புக் கண்டுபிடித்தவள், இரண்டு தேதி ஒத்துவராவிட்டால் முதலில் எதைச் சந்தேகிக்க வேண்டும்? கடிகாரத்தை. எனக்கு அது தோன்றவே இல்லையடி! நான் வைத்த கடிகாரம் தப்பாக இருக்கும் என்பதைவிட, செத்தவள் திரும்பி வந்து பெட்டி கட்டினாள் என்பது எனக்கு நம்பச் சுலபமாக இருந்தது. கர்வம் என்றால் இதுதான் கர்வம். படியில் யார் ஏறினாலும் உன் செருப்புச் சத்தமாகவே கேட்டது. கீழ்வீட்டு அக்கா கதவைத் தட்டினார், சர்க்கரை கேட்டு. மூன்று தட்டு. நான் திறக்கவே இல்லை.

நான்காம் நாள் ஒரு முடிவுக்கு வந்து உன்னைப் பார்க்கக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். சிரிக்காதே. நீ போன தேதியைச் சரிபார்க்கத்தான் போனேன். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது, ஒரு ஈ காக்கை இல்லை. கல் புதிது. உன் பெயருக்குக் கீழே இரண்டு தேதி, எண்களில். பிறந்த தேதி 09.02 என்று செதுக்கியிருந்தார்கள். களைப்போ வெயிலோ, ஒரு நொடி அதை நான் செப்டம்பர் இரண்டு என்று படித்துவிட்டேன். தப்பாகச் செதுக்கிவிட்டார்களே, இவள் பிப்ரவரியில் பிறந்தவளாயிற்றே என்று பதறினேன். அடுத்த நொடி பதினொன்றாம் பெட்டியின் கடிகாரம் ஞாபகத்துக்கு வந்தது.

பழைய பத்துப் பெட்டிகளும் முதலில் நாளைக் கேட்கும், பிறகு மாதத்தை. இந்தப் புது மாடல் முதலில் மாதத்தைக் கேட்கும். நீ வாசலில் நின்று பறந்துகொண்டிருந்த அந்தச் சாயங்காலம், ஏப்ரல் ஏழுக்கு நான் பழக்கத்தில் ஏழைத் தட்டி, பிறகு நாலைத் தட்டினேன். பெட்டி அதை ஜூலை நாலு என்று வாங்கிக்கொண்டது. எண்பத்தெட்டு நாள் முன்னால் ஓடுகிற கடிகாரத்தைக் கையெழுத்துப் போட்டு உன் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். நீ அதை ஜூலை ஏழில் வைக்கவில்லை. ஏப்ரல் பத்தில் வைத்திருக்கிறாய், உயிரோடு, சேற்றில் நின்றுகொண்டு. உன் கல்லின் மேலேயே கையை ஊன்றி உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினேன். நான் ஆகஸ்ட் என்று குறித்ததெல்லாம் மே. அத்தனையும் மே!

அங்கிருந்தே மாரியண்ணனுக்குப் போன் போட்டேன். "ஆமாங்க, ஏப்ரல்லயே வெச்சுட்டாங்களே. சேத்துக்கு நடுவுல ஒத்தை மரம், அதுல. நான் ஓடைகிட்ட நின்னேன், அவங்க மட்டும்தான் உள்ள போனாங்க" என்றார். அண்ணா, இதை ஏன் சொல்லவே இல்லை என்று கேட்டேன். "நீங்க கேக்கவே இல்லியேங்க" என்றார். ஈஸ்டர் அன்று கட்டிலில் நீ சொல்ல வந்ததும் இதுதானே. 'பதினொண்ண வெச்சுட்டேன்.' இரண்டு வார்த்தை. சொல்லவிட்டிருந்தால் முடிந்துபோயிருக்கும்.

சார் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "அவர் சொல்றது ஞாபகம். உங்களுக்கு இருக்கிறது பாசம். ரெண்டையும் வெச்சு ஒரு கார்டோட தேதியை மாத்த முடியாதும்மா" என்றார். எரிச்சலாக வந்தது, ஆனால் நீயும் அதைத்தான் சொல்லியிருப்பாய். அப்போதுதான் இடி ஞாபகம் வந்தது. பத்தாம் பெட்டிக்கும் பதினொன்றுக்கும் நடுவில் ஒரு மேடுதான். ஒரே வானம். பத்தாம் பெட்டியின் கடிகாரம் சரியானது. பத்தில் ஏப்ரல் இருபத்தாறு பிற்பகல் ஓர் இடி. பதினொன்றில் ஜூலை இருபத்துமூன்று பிற்பகல் ஓர் இடி. இரண்டையும் காதுக்கு ஒன்றாக ஓடவிட்டேன். முதல் உருட்டல், ஒரு மூச்சு இடைவெளி, இரண்டாவது, நீண்ட மௌனம், பிறகு வானம் பிளந்த மூன்றாவது. இரண்டு காதிலும் ஒன்றாக விழுந்தது. இன்னும் இரண்டு மழைகளைப் பொருத்திப் பார்த்தேன். அதே எண்பத்தெட்டு நாள்தான். சார் மூன்று மழையையும் தானே ஒரு தரம் ஓடவிட்டுக் கேட்டார். பிறகு, "கடிகாரம் உங்க தப்புன்னு அறிக்கையில எழுதணும். பரவாயில்லையா?" என்றார். "பெரிய எழுத்துல எழுதுங்க சார்" என்றேன்.

அந்த முதல் இடிக்குப் பிறகு வந்த கோப்பை நீ கேட்டிருக்க வேண்டும். மழை விட்டு இலை சொட்டுகிறது. ஒரு பேனாச் சத்தம். இன்னொன்று. பிறகு புல்வெளி முழுக்க. நீ இத்தனை வருஷம் காத்திருந்தது, நீ போய் மூன்றாம் நாள் வந்தது. கேட்க அங்கே ஒரு ஆள் இல்லை, நான் கையெழுத்துப் போட்ட தப்புக் கடிகாரம் மட்டும்தான் இருந்தது.

கூட்டத்தில் உன் குரலையும் போட்டுக்காட்ட வேண்டியிருந்தது. உன் அம்மாவிடம் கேட்கப் போனேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தார், கையை நிறுத்தவில்லை. "அவ வேலைக்கு ஆவும்னா போடும்மா. எனக்கு மட்டும் போட்டுக் காட்டாத" என்றார். கல் ஒன்றைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, "என்னா சொல்றா அதுல?" என்று கேட்டார். பயந்துட்டியான்னு கேட்கிறாள் என்றேன். "அவ கேப்பா" என்று சொல்லி முறத்தைப் பார்த்தபடியே தலையை ஆட்டினார்.

பாதையை இந்த ஏப்ரலிலிருந்து மூடுகிறார்கள். மேல் பாதை மட்டும், மழைக்காலம் முடியும்வரை. மூடுகிற அறிவிப்புப் பலகையை மாரியண்ணன்தான் நட்டு, படம் எடுத்து அனுப்பினார். உனக்குத் தெரியாதது இதுதான். சொல்லிவிட்டேன்.

எனக்குத் தெரியாதது ஒன்று பாக்கி. அந்தக் கோப்பின் கடைசியில், தூரத்தில் விழுந்த மூன்று தட்டு. நீ சேற்றைத் தாண்டிப் போய் நிமிடக்கணக்கு ஆகியிருந்தது. சார் மரங்கொத்தியாக இருக்கும் என்றார். மாரியண்ணனிடம் கேட்டேன். "மரங்கொத்தி மூணோட நிறுத்தாதுங்க" என்றார். நீங்கள் தட்டினீர்களா என்றேன். "நான் எதுக்குங்க தட்டப்போறேன்? அவங்க திரும்பி வந்தப்ப என்னைத்தான் கேட்டாங்க, நீங்க தட்டுனீங்களான்னு" என்றார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆராய்ச்சிக் குறிப்பில் அந்த நொடிக்கு எதிரே 'தெரியவில்லை' என்று எழுதி வைத்திருக்கிறேன். தெரியாததைத் தெரியவில்லை என்று எழுதலாம், அதில் வெட்கம் இல்லை என்று சொல்வாயே.

நறுக்கி அழிக்க வேண்டிய குரல்களின் பட்டியலில் ஒரே ஒரு கோப்புக்கு எதிரே மட்டும் இப்போது 'ஆதாரம், அழிக்கக் கூடாது' என்று இருக்கிறது. நீ எழுதிய விதியை நான் உடைத்தது உனக்குப் பிடிக்காது. போ, வந்து சண்டை போடு.

பதினொன்று நாளை மறுபடி மேலே போகிறது, அதே ஒற்றை மரத்துக்கு. பேட்டரி மாற்றினேன். முதலில் மாதம், பிறகு நாள். மூன்று முறை சரிபார்த்தேன், கீழ்வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டி அவரையும் வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். "இதுக்கெல்லாமா சாட்சி?" என்று முணுமுணுத்தபடி படித்தார். அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டுப் பெட்டியைச் சோதனைக்கு ஓடவிட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. மேஜையில் மூன்று தட்டுத் தட்டினேன். எண்ணைச் சொன்னேன், தேதியைச் சொன்னேன், வருஷத்தோடு. பிறகு எதற்கோ காத்திருந்தேன். ஃபேனை நிறுத்தியிருந்தேன். வேப்பெண்ணெய் வாடை அறை முழுக்க நின்றது. இத்தனை வருஷம் ஒவ்வொரு கார்டிலும் நீ என்னைக் கேட்டாய், ஒரு தடவைகூட நான் பதில் சொன்னதில்லை. பதிவுக்குள் போய் யாரும் பதில் சொல்ல முடியாதல்லவா. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே குனிந்து, மைக்கில் வாயை வைத்து, ரகசியமாகச் சொன்னேன்.

"ஆமாண்டி. பயந்துட்டேன்."